கண்ணிமையில் ஊதா நிறம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். அப்பாவின் இருமல் நின்றதா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எரிச்சல்தான் முதலில் வருகிறது.

கொஞ்ச நாளாக என் கண்ணிமைகள் ஊதாவாக வீங்கியிருந்தன. விரல் முட்டிகளில் சிவந்த தடிப்பு வேறு. சலவைக்கூடத்து மேற்பார்வையாளர், "வேலைக்கு வர்றதுக்குக் கண்ணுல எதுக்கும்மா இவ்வளவு அலங்காரம்?" என்றார். மருந்துக்கடைக்காரர், சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று களிம்பு கொடுத்தார். மடித்த விரிப்பை மேல்தட்டில் வைக்கக் கை எழவில்லை என்றேன், சோம்பேறி என்று பெயர் வாங்கினேன். படியேற முடியாமல் பாதியில் நின்றபோது அறைத்தோழிதான், "நீ நடிக்கலன்னு எனக்குத் தெரியும், வா" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

"உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தசையையும் தோலையும் தாக்குது" என்றார் டாக்டர். ஏன் என்று கேட்டேன்.

"உறுதியா சொல்ல முடியாதும்மா. பரம்பரைக் கூறு இருக்கலாம். கிருமியோ வெயிலோ தூண்டியிருக்கலாம். சிலருக்கு உள்ளே புற்றுநோய் இருந்தாலும் வரும்."

ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லை. இது தொற்றுநோயும் இல்லை. மாத்திரை தொடங்கியாயிற்று, குணம் தெரிய நாளாகுமாம். நீ திருஷ்டி என்று ஆரம்பிக்காதே. உன்மேல் பழி போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

தலைவழியாக மாட்டக் கை எழவில்லை, தோலில் வெயிலும் படக்கூடாதாம்; முன்பக்கம் பட்டன் வைத்து முழுக்கைச் சட்டை இரண்டு தைத்து அனுப்பு. புதுத்துணி வேண்டாம், நீ உடுத்திய புடவையில் தை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது.

உன் மகள்