துணி காயும்வரை ஒரு கூட்டம்

அன்பும் மரியாதையும் நிறைந்த செல்லத்துரை அண்ணாச்சிக்கு,

இந்தக் கடுதாசியை எழுத உட்கார்ந்ததும் முதல் வரியில் "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதிவிட்டேன். கைப்பழக்கம். பின்னால் நின்று எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரி ரூத், "ஏனுங்க, அவரைக் கல்லறையில கொண்டுபோய் வெச்சுட்டு வந்து மாசம் ஒண்ணு ஆகுது. அங்கிருந்து பதில் வேற வரோணுமாக்கும்?" என்று கேட்டாள். அடித்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறேன். ஒன்பதாவதை ரெண்டு தடவை படித்தவன் எழுதுகிற கடுதாசி, பொறுத்துக்குங்க.

இதை நம் சபைப் பத்திரிகையில் போடப்போகிறார்களாம். ஜாய்ஸ்தான் பிடிவாதம் பிடித்தாள். "அப்பா, அந்த ஒரு வருஷத்தைப் பத்தி நீங்கதான் எழுதோணும். மோட்டார் ரூம் சாவி உங்க இடுப்புலதானே இருந்துச்சு" என்றாள். உங்களைப் பார்க்காத பிள்ளைகளும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்லப்போகிறேன். நான் ஜெபம் பண்ணுவதும் அப்படித்தான் என்று நீங்களே கேலி பண்ணியிருக்கீங்க.

நீங்க திசையன்விளைப் பக்கமிருந்து பிழைக்க வந்து, வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தீங்க. நான் அதே ரோட்டில் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், இந்த ஊர்க்காரன். வருஷக்கணக்காக ஒரே சபையில் ஒரே பாட்டைப் பாடியும் நாம ரெண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. தெற்கிலிருந்து வந்தவங்க வாசல் பக்கம், நாங்க முன்பக்கம். யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. எல்லாருக்கும் உட்காரும் இடம் தானாகத் தெரிந்திருந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் போதகர் என்னைக் கூப்பிட்டு, வாலிபர் ஐக்கியத்தை நடத்தச் சொன்னார். என்ன தகுதியைக் கண்டாரோ. கல்யாண வயசில் ஒரு பெண் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கிறான் என்று நினைத்திருப்பார். "ஒரு வருஷம் பாருங்க மோசஸ். ஆள் சேரலீன்னா மூடிடலாம்" என்றார். ஞாயிறு மாலை நாலு மணி என்று நோட்டீஸ் ஒட்டினேன். முதல் வாரம் நானும் ஜாய்ஸும். அடுத்த வாரம் ஜாய்ஸுக்குத் தலைவலி. ஐக்கியத்தில் நான் ஒருத்தன் மட்டும்தான். அதிலும் ஒற்றுமை இல்லை. இருப்பதா, வீட்டுக்குப் போவதா என்று எனக்குள்ளேயே ரெண்டு கட்சி.

அப்போதுதான் நீங்க ஒரு பிளாஸ்டிக் வாளியோடு கேட்டில் வந்து நின்னீங்க.

"தம்பி, பின்னால இருக்க கெணத்துல தண்ணி கெடக்கா?"

"கெடக்குதுங்க. எதுக்குங்க?"

"எங்க ஊர்ப் பயலுவ கூட்டத்துக்கு வரமாட்டாவ தம்பி. ஞாயித்துக்கெழமை ஒரு நாள்தான் அவனுவளுக்குத் துவைக்க நேரம். ரூம்ல சொட்டுத் தண்ணி கெடையாது. லாரி வந்தா ஆளுக்கு ரெண்டு கொடம். அதுல சோறு பொங்குவானா, குளிப்பானா, துணி துவைப்பானா? வாரம் பூரா போட்ட சட்டையோட கோயிலுக்கு வான்னா எவன் வருவான்?"

"அதுக்கு நான் என்ன பண்றதுங்க?"

"மோட்டாரைப் போடுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

கமிட்டியில் கேட்டேன். செயலாளர் ஆசீர்வாதம் ஐயா சுலபத்தில் தலையாட்டுகிறவரா? அவிநாசிப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர். தண்ணியின் அருமை தெரிந்த ஆள். அதனாலேயே யோசித்தார். கடைசியில், சாவி என்னிடமே இருக்க வேண்டும், கூட்டம் முடிகிறவரை நான் அங்கேயே இருந்து என்ன நடக்கிறது என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும் என்று சம்மதித்தார். பேர்தான் வாலிபர் தலைவர். வேலை வேவு பார்க்கிறது.

முதல் ஞாயிறு வந்த பையன்களை இப்பவும் கண்ணில் காண்கிறேன். ஆளுக்கொரு வாளி, ஒரு துண்டு சோப்பு. கம்பெனி வேஸ்ட் நூலை முறுக்கி நீங்க கொடி கட்டியிருந்தீங்க. ரெண்டு மணிக்குத் துவைக்க ஆரம்பித்து, நாலு மணிக்குள் ஆலயத்துக்குப் பின்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தொங்கியது. இடுப்பில் லுங்கியோடு கிளம்பப் பார்த்தவர்களை நீங்க மடக்கினீங்க.

"எங்கடே கெளம்புதீய? துணியை விட்டுட்டுப் போனா நாளைக்கு உன் பனியனை இன்னொருத்தன் போட்டுட்டு வேலைக்குப் போவான். காயுத வரைக்கும் இந்தப் பாயில உக்காருங்க."

அதுதான் நம் ஐக்கியத்தின் கால அட்டவணை. துணி காயும்வரை கூட்டம். பனியன் சீக்கிரம் காய்ந்துவிடும், பேண்ட் காய நேரமாகும். அதற்காகவே பேண்டையெல்லாம் நீங்க நிழலில் போடச் சொன்னதை நான் கமிட்டியிடம் சொல்லவே இல்லை.

இந்துப் பையன்களும் ரூம் நண்பர்களோடு துவைக்க வந்தார்கள். "இவங்களையும் சேத்துக்கறதுங்களா?" என்று உங்கள் காதில் கேட்டேன். "தண்ணிக்கு ஞானஸ்நானச் சீட்டு கேக்க முடியுமா தம்பி?" என்றீங்க. அவர்கள் பாட்டுக்குத் துவைத்துவிட்டு, அவர்கள் பாட்டுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். நீங்களும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

நீங்க பிரசங்கம் பண்ணினதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு கேள்விதான் கேட்பீங்க. "இந்த வாரம் கம்பெனியில உன் பேரைச் சொல்லி எவன் கூப்பிட்டான்?" டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற பையனுக்குக் கம்பெனியில் பேர் கிடையாது. "ஏய் கைமடி" என்றால் திரும்ப வேண்டியதுதான். நானும் என் டேபிளில் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீங்க ஒவ்வொருத்தனையும் அவன் அப்பா அம்மா வைத்த முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. "தங்கராஜ் சாலமோன், நீ சொல்லுடே." அவன் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

ஜாய்ஸைப் பேச வைத்ததும் நீங்கதான். வேத வசனத்தை வாசி என்று சொல்லிவிட்டு, "இப்ப நீ என்ன நெனைக்கே, அதச் சொல்லு தாயி" என்றீங்க. செக்கிங் செக்‌ஷனில் தைத்த பீஸில் குறை பார்க்கிற பெண், லுங்கி கட்டிய ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசுகிறாள். அப்பன்காரன் நான் துவைக்கிற கல்லின்மேல் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறேன். எவனாவது அவளை ஒரு மாதிரிப் பார்க்கிறானா என்றே பார்த்துக்கொண்டிருந்ததில், அவள் நன்றாகப் பேசுகிறாள் என்பது எனக்கு மூன்றாவது மாசம்தான் தெரிந்தது.

அப்புறம் அந்த மழை. ஐப்பசி மாசம், ஜாய்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போது சடசடவென்று பிடித்துக்கொண்டது. பையன்கள் கொடியிலிருந்ததை அள்ளிக்கொண்டு ஆலயத்துக்குள் ஓடி, பெஞ்சு மேலெல்லாம் காயப்போட்டுவிட்டார்கள். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்த ஆசீர்வாதம் ஐயாவின் கண்ணில் முதலில் பட்டது, பலிபீடத்துக்கு முன்னால் இருக்கிற கம்பியில் தொங்கிய ஒரு பச்சை லுங்கி.

அடுத்த கமிட்டி எப்படி இருந்திருக்கும் என்று கேட்கவா வேண்டும்.

"ஏனப்பா மோசசு, இது ஆலயமா, சலவைக்கடையா?"

"மழைங்க ஐயா."

"மழைன்னா பலிபீடத்துல லுங்கி தொங்குமா?"

"தொவைச்ச லுங்கிதானுங்க."

எனக்கு இந்த மாதிரி நேரத்தில் மட்டும் வாய் நன்றாக வேலை செய்யும். எல்லாரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அவனுக தண்ணிக்கு வர்றானுகளா, வசனத்துக்கு வர்றானுகளா? அதைச் சொல்லு" என்றார். "வசனத்துக்குத்தானுங்க" என்றேன். அப்படியா என்று எனக்கே தெரியாது, வீம்புக்குச் சொன்னது. "அப்பச் சரி. போதகர் சொன்ன ஒரு வருஷம் முடியறப்ப மோட்டாரை நிறுத்துவோம். ஆள் வந்தா ஐக்கியம் நடக்கட்டும். வரலீன்னா பாயைச் சுருட்டிடலாம்." அதுதான் தீர்மானம்.

வெளியே வந்து உங்களிடம் சொன்னால் நீங்க பதறவே இல்லை.

"நியாயமாத்தானே கேக்காரு. ஒரு நாள் பாத்துருவோமே."

"யாருமே வரலீன்னா என்னங்க பண்றது அண்ணாச்சி?"

"வராட்டி, ஒரு வருசம் அவனுவ நல்ல துணி போட்டுட்டு வேலைக்குப் போனான்னு இருக்கட்டும். அது என்ன நஷ்டமா தம்பி?"

கமிட்டிக்கு வேலை வைக்காமல் கிணறே முந்திக்கொண்டது. அடுத்து வந்த கோடையில் சோப்பு நுரைக்காமல் போனது. பிறகு வெள்ளை பனியனைத் துவைத்தால் லேசான ரோஸ் நிறத்தில் வெளியே வந்தது. பக்கத்துச் சாயப்பட்டறைத் தண்ணி பூமிக்கடியில் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. எல்லாருக்கும் சோறு போடுகிற தொழில், யாரிடம் போய்ச் சண்டை போடுவது? மோட்டார் ரூமைப் பூட்டினேன்.

தண்ணி இல்லாத முதல் ஞாயிறு ஆசீர்வாதம் ஐயா நாலு மணிக்கு முன்பே வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நீங்க உள்ளே வழக்கம்போல எல்லாப் பாயையும் விரித்துக்கொண்டிருந்தீங்க.

"பாதிப் பாய் போதுமுங்க அண்ணாச்சி. ஆள் வரலீன்னா வெறும் பாய் அசிங்கமா இருக்கும்."

"வந்தவனை நிக்கவச்சுட்டு பாய் விரிக்கதுதான் தம்பி அசிங்கம்."

நாலு மணி ஆனது. அதற்கப்புறமும் ஆனது. ஜாய்ஸ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். ஆசீர்வாதம் ஐயா ரெண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மோசசு, போலாமாப்பா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்போது தோளில் ஒரு குடத்தோடு தங்கராஜ் சாலமோன் வந்தான்.

"ஏங்கண்ணு, இங்க தண்ணி இல்லையேப்பா" என்றார் ஐயா.

"தெரியும் ஐயா. அதான் கொண்டாந்தேன். பாடினா தொண்டை காயும்லா?"

லாரித் தண்ணியில் அவன் பங்கு அது. அவன் பின்னாலேயே ரெண்டு பேர், நாலு பேர் என்று வந்தார்கள். எல்லாரும் வரவில்லை அண்ணாச்சி, பொய் எழுத மாட்டேன். தண்ணிக்கு மட்டும் வந்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் பாய் நிறைந்தது. அன்றைக்கு எல்லார் சட்டையிலும் ஒரு வாரத்து வேர்வை. அந்த வாடைக்குள்தான் பாடினோம். ஆசீர்வாதம் ஐயா குடத்தில் ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டு, "வெயில் அடிக்குது, இந்த நாற்காலியை உள்ள போடு" என்றார். அதற்குமேல் அவர் தீர்மானத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

இப்போதைய சேதி சொல்கிறேன். ஜாய்ஸ்தான் இப்போது ஐக்கியத்தின் தலைவி. ரெண்டு பிள்ளை பெற்றும் குரல் குறையவில்லை. தங்கராஜ் சாலமோன் அருள்புரத்தில் சின்னதாக ஒரு யூனிட் போட்டிருக்கிறான். போய்ப் பார்த்தேன். ஹெல்பர் பையன்களையெல்லாம் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான், டீ வாங்கிக் கொடுப்பதில்தான் கொஞ்சம் கை இறுக்கம். வாசல் பக்கம், முன்பக்கம் என்பது ஆலயத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நான் இப்போது வாசல் பக்கம்தான் உட்காருகிறேன். காற்று நன்றாக வருகிறது. இத்தனை வருஷம் இதை ஏன் எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தீங்க?

உங்கள் அடக்கத்தன்று போதகர் என்னை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார். பச்சை லுங்கிக் கதையைச் சொல்லித் தொலைத்தேன். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். உங்கள் வீட்டு அக்காகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாங்க. அது தப்பா அண்ணாச்சி? நீங்க இருந்திருந்தால் சிரித்திருப்பீங்க என்றுதான் நினைக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் கால் நடக்கிறவரை ஞாயிறு நாலு மணிக்கு அந்தக் கேட்டை நான் திறப்பேன். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் எல்லாப் பாயையும் விரிப்பேன்.

அடக்கத்தன்று பேச வந்ததை மட்டும் பேசாமல் வந்துவிட்டேன். தண்ணிக்கு வந்தது யார், வசனத்துக்கு வந்தது யார் என்று அந்த வருஷம் முழுக்க ஊரே கேட்டது. வீட்டில் கிணறும், அலமாரியில் வேதமும் வைத்துக்கொண்டு, வாரம் தவறாமல் அந்தத் துவைக்கிற கல்லின்மேல் வந்து உட்கார்ந்தவன் எதற்கு வந்தான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் உங்களுக்காக வந்தேன் அண்ணாச்சி.

இப்படிக்கு,
நீங்க தம்பி என்று கூப்பிட்டு, அப்படியே ஆகிப்போன
மோசஸ்