விமானத்துக்குக் கொண்டுபோன நூல்

12.8.2004, வியாழன் இரவு

மகள் மல்லிகா பல்கலைக்கழகத்தில், ஆள் ஓட்டாமல் தானே பறக்கும் குட்டி விமானம் செய்கிறாள். அதன் இறக்கையில் விரல் நீள நூல்களை ஒட்டி, பெரிய குழாய்க்குள் வைத்துக் காற்றை விடுவார்கள். நூல் ஆடுவதை வைத்துக் காற்றின் போக்கைக் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பட்டு நூலை மாதா மாதம் இங்கிருந்து கொண்டுபோனது நான். பத்தாவது பெயிலான சைக்கிள் கடைக்காரன் விமான ஆராய்ச்சியில் இருப்பதாக பஸ்ஸில் எத்தனை பேரிடம் அளந்திருப்பேன்!

இன்று ஆராய்ச்சிக்கூட வாசலில் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"இனிமே நூல் வேணாம்பா. வெளிநாட்டு நூல் வந்துட்டுது. கேமராவுல பளிச்சுனு தெரியுது. நீ எதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறி அலைஞ்சுக்கினு..."

"அப்போ என்னை வேலைய விட்டுத் தூக்கிட்டீங்களாம்மா?"

சிரித்தாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, ஓடிவிட்டாள்.

வழக்கமாக நூலை வாங்கிக்கொண்டு கேன்டீனுக்குக் கூட்டிப்போவாள். ஒரு காபி, பத்து நிமிஷப் பேச்சு. அதற்காகத்தான் நூல் என்று அவளுக்கும் தெரியும் என நினைத்திருந்தேன்.

கேட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. பெயர், நேரம், வந்த காரணம் எழுத வேண்டும். இதுவரை 'ஆராய்ச்சிக்கு நூல்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அடுத்த மாதம் 'மகளைப் பார்க்க' என்று எழுதினாலும் காவலாளி விடுவார். அவரைப் பற்றிக் கவலையில்லை. அவள் வந்து, "என்னப்பா, என்ன விஷயம்?" என்று கேட்டால் என்ன சொல்வேன்?