விடுபட்ட முப்பத்திரண்டு பாகை

நன்மை நிலவுக. கீழைக் கடலின் முத்தும் சங்கும் தன் வாயிலில் குவியப் பெற்றதும், அறங்கூறு மன்றம் ஒருநாளும் அடைபடாததுமாகிய பவளமுனை நாட்டின் கோமான் நெடுவேட்குமரர் திருவாணையால், அவர் திருமுன் இருந்து சேந்தன் கொற்றன் எழுதும் ஓலை. கருங்கல் தீவுக் கோட்டையைப் பதினாறு ஆண்டுகளாகக் காத்து, மூன்று முற்றுகைகளை முறியடித்து, உப்புக் காற்றில் நரைத்த தலைவர் அந்துவனார் காண்க. உம் மதிலும், உம் வீரரும், தீவின் நன்னீர்க் கிணறும் நிலைபெறுக.

வாழ்த்தை நீட்டுவதற்கு இது காலமன்று. உம் காவலில் இருக்கும் மருத்துவி எயினிக்கு விதித்த கொலைத்தண்டனையை வேந்தர் நீக்கினார். இவ்வரியைப் படித்தவுடன் ஓலையைக் கீழே வைத்து, ஆள் விடுத்து அதனைத் தடுத்துவிட்டு, பின்னர் வந்து எஞ்சியதைப் படிப்பீராக.

இனி நடந்ததைக் கூறுவேன். சென்ற புரட்டாசியில் சங்குத்துறையில் விடாக்காய்ச்சல் பரவியதை நீர் அறிவீர். ஒரு திங்களில் நூற்றிருபது வீடுகளில் அடுப்பு அணைந்தது. அப்போது நம் நட்புநாடாகிய குளிர்வரையின் அரசர் மனமிரங்கி, அக்காய்ச்சலைத் தணிக்கும் நாபிக்கிழங்கு ஆறு மூட்டையும், அதனைக் காய்ச்சும் முறை எழுதிய ஓலை ஒன்றும் விடுத்தார். அக்கிழங்கு நஞ்சு. உரிய சூட்டில் மூன்று சாமம் காய்ச்சினால் நஞ்சு முறிந்து மருந்தாகும்; கொதிக்க விட்டால் மருந்தின் ஆற்றலும் அழிந்துபோகும்; சூடு குறைந்தால் நஞ்சு நஞ்சாகவே நிற்கும். எழுபத்திரண்டு பாகையில் காய்ச்சுக என்று மலைநாட்டு ஓலை சொல்லிற்று.

பளிங்குக் குழலுள் பாதரசம் ஏறி இறங்கும் வெம்மைக்கோல் அவர்களிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே கணக்கில் கீறப்பட்டவை அல்ல. மலைக்கோலில் பனிக்கட்டி உருகும் இடம் சுழி. நீர் கொதிக்கும் இடம் எண்பது. நம் கோலிலோ பனிக்கட்டி உருகும் இடம் முப்பத்திரண்டு. நீர் கொதிக்கும் இடம் இருநூற்றுப் பன்னிரண்டு. அவர்களுடைய எண்பது பாகை நம்முடைய நூற்றெண்பது பாகைக்கு ஒக்கும். அதாவது அவர்களுக்கு நான்கு ஏறினால் நமக்கு ஒன்பது ஏறும். ஆகவே மலைக்கோலின் எண்ணை ஒன்பதால் பெருக்கி, நான்கால் வகுத்து, வந்ததனோடு முப்பத்திரண்டைக் கூட்டினால்தான் நம் கோலின் எண் கிடைக்கும்.

அக்கணக்கைப் போட்டவன் நான். நாட்டின் கணக்குத் தலைமைக்குரிய காவிதிப் பட்டம் அணிந்தவன், கணக்கில் எனக்கு நிகரில்லை என்று அவையில் பேர் வாங்கியவன், பிறரிடம் அதனை ஒப்படைக்க மனம் வராமல் நானே போட்டேன். பெருக்கினேன், வகுத்தேன், நூற்று அறுபத்திரண்டு என்று நறுக்கோலையில் எழுதி எயினியிடம் கொடுத்தனுப்பினேன். முப்பத்திரண்டைக் கூட்டவில்லை. பனிக்கட்டியைக் கண்ணாலும் காணாத கடற்கரையில் பிறந்தவன் நான். அது உருகும் இடத்தில் நம் கோல் முப்பத்திரண்டில் நிற்கும் என்பது ஏட்டில் படித்த செய்தியேயன்றி என் நெஞ்சில் பதிந்ததன்று. இது காரணம் மட்டுமே; மன்னிப்புக்கு உரியது என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் காலை எயினி என் மாளிகைக்கு வந்தாள். அடுப்புப் புகையில் சிவந்த கண்ணோடு வாயிலில் நின்று அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: "ஐயா, கலயத்தின் விளிம்பில் சிறுகுமிழி கோத்து நிற்கும் என்று மலைநாட்டார் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன பாகையில் ஒரு குமிழியும் வரவில்லை. கணக்கை இன்னொரு தரம் பார்த்துச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்." நான் அவளை உள்ளே அழைக்கவும் இல்லை. "கோலைப் பார், குமிழியைப் பாராதே" என்று சொல்லி அனுப்பினேன். அவள் "சரி, ஐயா" என்று போனாள்.

அன்று உச்சிக்கு முன் காய்ச்சல் கொட்டகையில் நாற்பத்தொருவருக்கு மருந்து வார்க்கப்பட்டது. முதற்கிண்ணத்தை எயினி தன் தம்பி கீரன் என்னும் படகோட்டிக்கே கொடுத்தாள். தன் வீட்டாருக்குக் கொடுக்காததைப் பிறருக்குக் கொடுக்கலாகாது என்பது அவள் வழக்கம். ஒரு நாழிகையில் எல்லார்க்கும் நாக்கு மரத்தது. பின்பு விரல்கள் மரத்தன. நெஞ்சு தாளம் தப்பியது. மாலைக்குள் முப்பத்துநால்வர் இறந்தனர். கீரன் அக்காளின் கையைப் பற்றியிருந்தும், பற்றியிருப்பதை உணரவில்லை என்று சொல்லி இறந்தான்.

மன்றம் கூடியது. நான் எழுதிய நறுக்கு, இறந்தவர் படுக்கைகளோடு எரிந்துபோயிருந்தது. எயினி, "ஓலையில் கண்ட பாகையில் மூன்று சாமமும் கோலை விட்டுக் கண் எடுக்கவில்லை" என்றாள். வேந்தர் என்னை நோக்கி, கொடுத்த எண் சரியானதா என்று வினவினார். அந்தக் கணத்தில் ஓர் ஏடும் எழுத்தாணியும் கேட்டிருந்தால் போதும். நானோ, சரியான எண்ணே கொடுத்தேன் என்று எழுந்து நின்று சொன்னேன். பொய் என்று அறிந்து சொன்னதன்று, சரிபாராமல் சொன்னது. எனினும் அச்சொல்லால், எயினி நெருப்பைத் தளரவிட்டாள் என்று மன்றம் தீர்ப்பளித்தது. அவள் என்னைப் பார்த்தாள். குமிழியைப் பற்றி மன்றத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. காவிதிக்கு எதிராகத் தன் சொல் ஏறாது என்று எண்ணினாள் போலும்.

இன்று முற்பகல் குளிர்வரையின் தூதர் தாமனார் துக்கம் கேட்க வந்தார். எந்தப் பாகையில் காய்ச்சினீர்கள் என்று வினவ, நூற்று அறுபத்திரண்டு என்றேன். அவர் முகம் வேறுபட்டது. மேலும் வினவாமல், ஒரு பானை நீரை அடுப்பில் ஏற்றி, தம் கோலையும் நம் கோலையும் அதில் ஒருங்கே நிறுத்தினார். வேந்தரும் எழுந்து வந்து நோக்கினார். நம் கோல் நூற்று அறுபத்திரண்டைத் தொட்டபோது மலைக்கோல் ஐம்பத்தெட்டையும் எட்டவில்லை. மலைக்கோல் எழுபத்திரண்டை அடைந்தபோது நம் கோல் நூற்றுத் தொண்ணூற்று நான்கில் நின்றது. பானையின் விளிம்பில் சிறுகுமிழிகள் கோத்திருந்தன. "எங்கள் கோல் சுழியில் நிற்கும்போதே உங்கள் கோல் முப்பத்திரண்டில் நிற்கிறது. அதை எங்கே விட்டீர்கள்?" என்று தாமனார் தாழ்ந்த குரலில் வினவினார். வேந்தர் தம் கையால் அடுப்பை அணைத்தார்.

ஆதலால் வேந்தர் ஆணை இது. எயினி குற்றமற்றவள். அவளை இன்றே விடுவித்து, பல்லக்கில் துறைக்குக் கொணர்ந்து, அரச நாவாயில் ஏற்றி அனுப்புக. முப்பத்துநால்வர் சாவுக்கும் அவள் காரணமல்லள் என்பதைச் சங்குத்துறையின் ஒவ்வொரு தெருவிலும் பறையறைவிக்க ஆள் புறப்பட்டாயிற்று. இனிப் பாகை எழுதும் ஓலை எதுவாயினும் எந்தக் கோலின் பாகை என்றும், அக்கோல் எவ்விடத்தில் தொடங்குகிறது என்றும் எழுதுக. கணக்கை இருவர் தனித்தனியே போட்டு ஒப்புநோக்குக. காய்ச்சுவோர் ஐயம் எழுப்பினால் அடுப்பை நிறுத்துக.

தண்டனை குறித்த நாள் நாளை. கடலோ கொந்தளிப்பில் இருக்கிறது. காலம் கடந்து இவ்வோலை வந்து சேருமாயின், அவள் உடலை அரசமரியாதையோடு தம்பியின் அருகில் அடக்குக. அந்நிலையிலும் பின்வரும் ஆணை மாறாது.

இவ்வோலையை உம் கையில் கொடுத்து எதிரே நிற்பவன் சேந்தன் கொற்றன். எயினி இருந்த அறையில் அவனை அடைத்து, அவள் காலில் இருந்த விலங்கை அவன் காலில் பூட்டுக. அவன் மறுத்து ஒன்றும் சொல்லமாட்டான்.

வேந்தர் தம் கணையாழியால் அரக்கில் பொறித்தார். ஆணை கண்டபடி செய்க. அறம் நிற்க.