முதல் கை

1963 ஏப்ரல் 22
திருப்பூர்ப் பெருங்குடி மக்களுக்கு அறிவிக்கப்படுவது யாதெனில்: ராஜா முகமது என்கிற அடியேனின் மீசையில் இன்று நான்காவது முடி முளைத்தது. இதை முன்னிட்டு பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை கிடையாது. அத்தா வழக்கம்போல் எட்டு மணிக்கே தையல் மிஷினுக்குப் போய்விட்டார்.

இன்னொரு செய்தியும் உண்டு. பசீர் மாமா சுகாதார இலாகா ஜீப்பில் படம் காட்டுகிறவர். புதிதாக வந்திருக்கும் அம்மை நோய்ப் படம் இந்தியில் பேசுகிறதாம். மலையடிவாரத்தில் இருளர்கள் குடியிருக்கும் பதியில் அது யாருக்குப் புரியும்? மைக்கில் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். "உன்ற வாய்க்கு இப்பவாச்சும் ஒரு வேலை கெடச்சுதேடா" என்றார். வாத்தியார் வெளியே நிறுத்திய வாயை சர்க்கார் உள்ளே கூப்பிடுகிறது!

ஏப்ரல் 24
கோரைப்பதி. இரண்டு மரத்துக்கு நடுவே திரை. இருட்டியதும் ஜெனரேட்டர் இருமியது, படம் ஓடியது. டாக்டருக்கு என் குரல், நர்சுக்கு என் குரல், சும்மா குறுக்கே போன ஆட்டுக்கும் என் குரல்தான். ஆடு கத்தியதும் பதித் தலைவரான மூப்பனின் பெண்டாட்டி முத்தாயியின் மகள் பழனாயி புரண்டு புரண்டு சிரித்தாள். ஐந்து வயதிருக்கும். படம் முடிந்த பிறகும் ஆடு மாதிரி கத்தச் சொன்னாள்.

பிறகு, அம்மை குத்துகிற கிட்டுசாமி அண்ணன் ஊசியை எடுத்தார். தோலில் வைத்துத் திருகுகிற ஊசி. ஒருவரும் கை நீட்டவில்லை. நான் சட்டையைக் கழற்றினேன். பதியில் முதல் கை என் கை! "எறும்புக்கடி மாதிரிதானுங்க!" என்று மைக்கில் முழங்கினேன். ஒன்பது பேர் நீட்டினார்கள்.

முத்தாயி நீட்டவில்லை. "குத்துன எடம் எட்டாம் நாள் பழுக்கும்னு நீதான கண்ணு சொன்னே? உன்ற கை பழுக்கட்டும். பாத்துட்டு நாங்க நீட்டறோம்." மற்றவர்களும் அவள் பேச்சுதான்.

ஏப்ரல் 27
தெருவில் எனக்கு 'ஊசிமுனை வீரன்' என்று பட்டம். சூட்டியது யார் என்று கேட்கக் கூடாது. நானேதான். அத்தா கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டாராம், "எம்பையன் கையப் பாத்துத்தான் ஒரு ஊரே கை நீட்டுச்சு" என்று.

மே 2
எட்டாம் நாள். முழுக்கைச் சட்டை போட்டுப் போனேன்.

ஒன்பது பேருக்கும் கொப்புளம். சிலருக்குக் காய்ச்சல். முத்தாயி நேரே வந்து என் சட்டைக் கையைச் சுருட்டினாள். தோல் மொழுமொழுவென்று இருந்தது.

"சீக்கிரம் ஆறிப்போச்சுங்க" என்றேன்.

"எங்காளுகளுக்குப் புண்ணு, காச்சலு. உனக்கு ஒன்னுமில்ல. உங்களுக்கு ஒரு மருந்து, எங்களுக்கு ஒரு மருந்தா?"

பழனாயியை முந்தானையில் மூடித் தூக்கிக்கொண்டு நடந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஆடு கத்தியது. நான் பதிலுக்குக் கத்தவில்லை. வேறு யாரும் கை நீட்டவில்லை.

திரும்பும்போது மாமா, "உனக்கு மட்டும் ஏன்டா பழுக்கல?" என்றார். கிட்டுசாமி அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மே 3
ஒன்றும் இல்லை.

மே 10
பதியில் அம்மை வார்த்திருக்கிறது. சந்தைக்குப் போய் வந்த யாரோ கொண்டுவந்ததாம். பழனாயிக்கும். ஊசி போட்ட ஒன்பது பேரும் நன்றாக இருக்கிறார்களாம். மாமா இதைச் சந்தோஷமாகச் சொன்னார்.

மே 19
பழனாயி போய்விட்டாள்.

மாமா சொல்லும்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முழுவதும் சாப்பிட்டேன். கை கழுவினேன். அழ வேண்டும், இல்லையா? வரவில்லை.

மே 21
அத்தாவோடு போய் பனியன் மடித்தேன். இரண்டு கை, ஒரு கழுத்து. இரண்டு கை, ஒரு கழுத்து. சாயங்காலம் வரை. "ஏன்டா பேச்சையே காணோம்?" என்றார். அடுத்த பனியனை எடுத்து மடித்தேன்.

மே 23
பதிக்குப் போனோம். திரை கட்டவில்லை. மைக் இறக்கவில்லை. யாரும் யாரையும் அழைக்கவில்லை; வரிசையாக வந்து கை நீட்டினார்கள். முத்தாயியும் நீட்டினாள். ஊசி ஏறும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

"நீதான் முந்தியே குத்திக்கிட்டயே, மறுக்கா எதுக்கு?" என்றாள்.

"இல்லீங்க."

சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன், இந்த நோட்டிலும் பொய்தானே எழுதி வைத்தேன். அன்றைக்கு முனை தோலில் படாமல் ஊசியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி கிட்டுசாமி அண்ணனிடம் கெஞ்சினேன். கையில் ரத்தம்போல் தெரிந்த சிவப்பு வெற்றிலைச் சாறு. பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்த வந்த மூன்று தடவையும் சுவரேறிக் குதித்தவன் நான். ஊசியென்றால் அவ்வளவு பயம்.

மாமா தலை குனிந்துகொண்டார். முத்தாயி திட்டவில்லை. ஊசி கிட்டே வந்ததும் கையை இழுத்துக்கொண்டேன். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, "ஆடாத" என்றாள்.

எறும்புக்கடி என்று மைக்கில் சொன்னேனே, அது எனக்கு எப்படித் தெரியும்? இன்றைக்குத்தான் தெரிந்தது.

எறும்புக்கடி மாதிரி இல்லை.