காய்ச்சல் என்று சொன்னேன்

தார்னூவ்,
பிப்ரவரி 9

அன்புள்ள கிங்காவுக்கு,

ரெனாத்தா எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறாய் என்றால், அதற்கே உனக்கு நன்றி சொல்ல வேண்டும். முகவரியைக் கொடுத்தது உன் சித்தி. நான் மூன்று முறை போய்க் கேட்ட பிறகுதான் கொடுத்தார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நார்வேயில் மீன் ஆலையில் வேலை செய்கிறாய், அறைக்குத் திரும்பினால் யாரோடும் பேசுவதில்லை என்று சொல்லி வருத்தப்பட்டார்.

இங்கே பனி இன்னும் உருகவில்லை. நம் ஹாஸ்பிஸில் கடைசிக்கால நோயாளிகளுக்கான பன்னிரண்டு படுக்கைகளும் நிறைந்திருக்கின்றன. தன்னார்வலர்கள்தான் குறைந்துவிட்டார்கள். பஸ் ஓட்டிய வித்தோல்ட் மட்டும் சனிக்கிழமை தவறாமல் வருகிறார். நோயாளிகளுக்கென்று கசகசா கேக் கொண்டுவந்து பாதியை அவரே தின்றுவிடுகிறார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸெனோன் ஐயா இறந்துவிட்டார். நவம்பர் 21, வெள்ளிக்கிழமை பிற்பகல். உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியவள் நான். சொல்ல எனக்கு இரண்டரை மாதம் ஆகியிருக்கிறது.

அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரயில்வே யார்டில் முப்பத்தைந்து வருடம் பெட்டி கோத்தவர், சொந்தமென்று யாரும் இல்லை, வாய்க்கு மட்டும் குறைவில்லை. சீட்டாட்டத்தில் அவர் ஏமாற்றுவதும் நீ கண்டுபிடித்துச் சண்டை போடுவதும் என் அறை வரைக்கும் கேட்கும். "பாருங்க சிஸ்டர், சாகப்போறவன்னு ஒரு இரக்கம் இருக்கா இந்தப் பொண்ணுக்கு?" என்று புகார் வேறு சொல்வார். வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம் என்றுதான் தன்னார்வலராக உன்னை அவரிடம் அனுப்பினேன். செப்டம்பர் முடிவதற்குள் நீ தினமும் வர ஆரம்பித்திருந்தாய். நர்ஸுகள் யார் போனாலும் முகத்தைக் காட்டாதவர், உன்னிடம் மட்டும் சவரம் செய்துகொண்டார். அதையெல்லாம் நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நவம்பர் முதல் தேதி, எல்லோரும் கல்லறைக்கு விளக்கேற்றப் போன நாளில், உன்னைத் தற்செயலாகப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. உன் அப்பாவுக்கு இன்னும் கல்கூட வைக்கவில்லை. வெறும் மரச்சிலுவை, அதில் அதே வருடத்து ஏப்ரல் தேதி; அவர் போய் ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. நம் படிவத்தில் நீ அப்பா போய் மூன்று வருடம் என்று எழுதியிருந்தாய். வீட்டில் சாவு நடந்து ஒரு வருடம் ஆகாதவர்களை நோயாளிகளிடம் அனுப்புவதில்லை என்பது நம் விதி. முன்பு ஒரு பெண், கணவர் போன நான்காம் மாதமே வந்து சேர்ந்து, ஒரு நோயாளியின் கட்டிலருகே உடைந்து விழுந்தபோது அவளைத் தூக்கியவள் நான். அந்த விதி தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. நான் நடந்துகொண்ட விதம்தான் தப்பு.

உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கலாம். போனிலேயே உன்னை நிறுத்தினேன். "உங்க அப்பா போன துக்கத்தை எங்க நோயாளி தலையில இறக்கி வைக்காதே" என்று சொன்னேன். "சரிங்கம்மா, அவர்கிட்ட மட்டும் ஒரு தடவை சொல்லிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். அந்த 'வேண்டாம்' என் காதிலேயே இருக்கிறது.

அவரிடம் என்ன சொல்வது என்று யோசிக்காமலே அவர் அறைக்குப் போனேன். கிங்கா எங்கே என்று கேட்டதும் உனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். "பால்ல பூண்டும் தேனும் போட்டுக் குடிக்கச் சொல்லுங்க. மூக்கைப் புடிச்சுக்கிட்டாவது குடிக்கணும்" என்றார். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். உன் இடத்தில் வேறொருவரை அனுப்பினேன், மரியாதையாகப் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார். சீட்டுக்கட்டைத் தொடவில்லை. தாடி வளர்ந்தது.

பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவு பலம் மிச்சம் இருந்தது எனக்குத் தெரியாது. "ரெண்டு வாரமா என்ன காய்ச்சல்? அந்தப் பொண்ணு செத்துப்போச்சு, என்கிட்ட மறைக்கிறீங்க" என்று சொல்லி அழுதார். கிங்கா, தன் நோயைப் பற்றி டாக்டர் சொன்ன நாளில்கூட அழாத மனிதர், உன்னை எடுத்துக்கொண்டதற்குப் பதிலாக இந்தக் கிழவனை எடுத்திருக்கக் கூடாதா என்று கடவுளைத் திட்டினார்.

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். உனக்கு ஒன்றுமில்லை, நான்தான் வரவேண்டாம் என்று நிறுத்தினேன் என்று. திட்டுவார் என்று நின்றிருந்தேன். "உசுரோட இருக்கா இல்ல? அது போதும்" என்றார்.

உன்னை எப்படியும் கூட்டிவருவதாக வாக்குக் கொடுத்தேன். உடனே சவரம் செய்யச் சொன்னார், இந்த முகத்தோடு உன் முன்னால் படுத்திருக்க மாட்டாராம். நானே செய்தேன். தாடையில் வெட்டிவிட்டேன். "அவ கை இப்படி நடுங்காது" என்றார். உன் அப்பாவுக்கு ஐந்து மாதம் நீதான் சவரம் செய்தாய் என்று உன் சித்தி இப்போதுதான் சொன்னார். அன்று எனக்குத் தெரியாது.

உன் போன் அணைந்திருந்தது. நீ குடியிருந்த வீட்டுக்கு ஓடினேன். "அந்தப் பொண்ணு நேத்துதாங்க பெட்டியோட கிளம்பிப்போச்சு" என்றார் வீட்டுக்கார அம்மா. ஒரே ஒரு நாள், கிங்கா.

திரும்பி வந்து அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு வருவாள் என்றேன். வியாழக்கிழமையும் நாளைக்கு என்றேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் கண்ணைத் திறக்காமலே, "வந்துட்டாளா?" என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேன்" என்றேன். உன் குரலை வரவழைக்கப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க ரெனாத்தா. உங்களுக்குப் பொய்யே சொல்ல வரலைம்மா. பரவால்ல, உட்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். நாலு மணிக்கு முன்னால் போய்விட்டார்.

அடக்கத்துக்கு ஆறு பேர் வந்தோம். வித்தோல்ட் சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இப்போது எந்தத் தன்னார்வலரை மாற்றினாலும், நோயாளியிடம் விடைபெற்றுவிட்டுப் போகும்படி நானே கூட்டிப்போய் விடுகிறேன். உனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரியும். போன வாரக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், நோயாளியோடு எவ்வளவு நெருங்கலாம் என்று கேட்டாள். பதினான்கு வருடமாக நான் பதில் சொல்லும் கேள்வி. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். வித்தோல்ட்தான் எழுந்து எல்லோருக்கும் டீ ஊற்றப் போனார்.

நீ உன் துக்கத்தை அவர் தலையில் இறக்கி வைக்கவில்லை. அவருடைய கடைசி இரண்டு மாதத்தில் அவர் குடும்பம் உள்ள ஒரு மனிதராக இருந்தார், அதற்குக் காரணம் நீ. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

அங்கே இப்போது பகல் குட்டையாக இருக்குமாம். வேளைக்குச் சாப்பிடு. கூட வேலை செய்கிறவர்கள் எங்காவது கூப்பிட்டால் ஒரு முறையாவது போய் வா. கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

பதில் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்கும் தகுதி எனக்கில்லை. இந்தக் கடிதத்தைத் திருப்பி மட்டும் அனுப்பிவிடாதே, மகளே.

உன் நலம் நாடும்,
ரெனாத்தா