பூட்டிய கதவுக் கதையை வாசித்த மாலை

ஜனவரி 12, ஞாயிறு

இன்று எங்கள் நியூ டவுன் ஃபிளாட்டில் மாதாந்திர வாசிப்பு. தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்த இங்குள்ள பெண்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் கதையைத் தேர்ந்தெடுத்து உரக்க வாசிப்பது நான்தான். பாதுகாப்புக்கென்று தாயை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் மகனின் கதையை வேண்டுமென்றே எடுத்தேன். என் கணவர் காலமான பிறகு மருமகள் வித்யா என்னையும் அப்படித்தான் பூட்டிவிட்டுப் போகிறாள். வாய்விட்டுக் கேட்க எனக்குக் கௌரவம் இடம் தரவில்லை. கதை சொல்லட்டும் என்று நினைத்தேன்.

முடித்ததும் வித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்மா அந்தப் பிள்ளை! ஆபீஸ்லயும் அம்மா நினைப்பாவே இருக்கான்."

"நல்ல ஐடியாவா இருக்கே," என்றாள் எதிர் ஃபிளாட் கீதா. "எங்க மாமியார் சொல்லாம கொள்ளாம லிஃப்ட்ல இறங்கிப் போயிடறா. நீங்க என்ன மாமி சொல்றேள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நன்னா எழுதியிருக்கா" என்றேன்.

கீதாவின் மாமியார் மாலையில் தனியாகக் கீழே நின்று, இங்கே புச்கா என்று சொல்லும் பானிபூரி தின்பதைப் பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன். உங்களையும் பூட்டிவைக்கப் போகிறார்கள் என்று நாளையே அந்த மாமியாரிடம் சொல்லிவைக்க வேண்டும். அவர்கள் கதவு எதிரில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் கதவை வித்யா காலையிலேயே பூட்டிவிடுவாள்.