வெள்ளையடிக்கும் குள்ளன்

செப்டம்பர் 9
குள்ளன் சிலைக்கான மெழுகு உருவம் முடிந்தது. நாளை வார்ப்புப் பட்டறைக்குப் போகிறது.

போலந்தில் எங்கள் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் தெருவுக்குத் தெரு வெண்கலக் குள்ளர்கள். கம்யூனிஸ்ட் காலத்தில் அரசை எதிர்த்த சுவர்க் கோஷங்களை அரசாங்க ஆட்கள் வெள்ளையடித்து மறைப்பார்கள். பையன்கள் அந்த வெள்ளையின் மேலேயே குள்ளன் வரைவார்கள். அதன் நினைவாகத்தான் இந்தச் சிலைகள். வெள்ளையடித்தவனுக்குத்தான் சிலையே இல்லை. என் குள்ளன் அவன். வாளி, தூரிகை, கூன் முதுகு — அச்சு அசல் ஸிக்மண்ட் அண்ணன்! நகராட்சிப் பெயிண்டராக அந்த வேலையைச் செய்தவன் அவன்தானே. ஈஸ்டர் விருந்தில் அவனே சொல்லிச் சிரிப்பான்: "அவனுங்க எழுத, நான் அழிக்க, மறுநாள் அதுமேல குள்ளன் என்னைப் பார்த்துப் பல்லிளிக்க... நல்ல பொழைப்பு போ!"

அவனிடம் சொல்லவில்லை. நேரில் பார்த்துச் சிரிக்கட்டும்.

அக்டோபர் 4
முச்சந்தியில் வைத்தாயிற்று. நல்ல கூட்டம்.

அக்டோபர் 12
அண்ணி லுட்சினா போன் செய்தாள். "உங்க அண்ணன் போய்ப் பார்த்துட்டு வந்தாரு. சுற்றுலாக் கூட்டத்துக்கிட்ட வழிகாட்டிப் பொண்ணு, 'இவன் அரசாங்கத்தோட கைக்கூலி'ன்னாளாம். எல்லாரும் சிரிச்சாங்களாம். இவரும் கூடச் சேர்ந்து சிரிச்சாராம். சூப் அப்படியே ஆறிக் கெடக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, யாகா?"

கேட்டிருக்கலாம். எனக்கு என்ன கேடு? அவன் சொன்னால் அது வேடிக்கை. நான் சொன்னால்?

அக்டோபர் 13
அண்ணன் என் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 1
புனிதர் திருநாள். அம்மா கல்லறைக்கு எப்போதும் அவனும் நானும் சேர்ந்துதான் போவோம். இன்று நான் போவதற்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சாமந்தியும் வைத்தாயிற்று. என்னைத் திட்டுவதற்காகவாவது நின்றிருக்கக் கூடாதா, பாவி? அங்கேயே அழுதேன்.

நவம்பர் 5
சிலையை எடுத்துவிடச் சொல்லி நகராட்சியில் கேட்டேன். "எடுக்கவா? சுற்றுலா வரைபடத்துலயே போட்டாச்சுங்க மேடம்!"

நவம்பர் 20
குள்ளனுக்கு யாரோ வெள்ளையடித்திருக்கிறார்கள். தொப்பியிலிருந்து வாளிவரை. தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, யார் கை என்று.

"கேமராவைப் பார்த்துட்டு போலீஸ்ல புகார் கொடுக்கப்போறோம்" என்றார் நகராட்சி அதிகாரி.

"வேண்டாம். நான்தான் அடிக்கச் சொன்னேன். சிலையே அப்படித்தான்."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

நவம்பர் 21
அண்ணன் போனில் வந்தான். நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஒரு பூச்சு பத்தல. வெண்கலம் தெரியுது."

"வந்து அடிக்கிறியா?"

"நீ அடி. நான் வாளியப் பிடிச்சுக்கறேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வைத்துவிட்டான்.